ஐந்து இருபதுக்குப் பாடிய அலமாரி

மார்ச் 3, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். இருபத்து மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் பல்தான் தேய்ந்தது. இனி எழுதி வைக்கப் போகிறேன். யாருக்கும் காட்ட அல்ல. காட்டினாலும் காட்டுவேன், அது என் இஷ்டம்.

இன்று ஆசிரியர் அறையில் டைரக்டர் அறிவித்தார்: இதுவரை நான் பார்த்துவந்த தேர்வுப் பொறுப்பு இந்த வருடம் முதல் சின்ன டீச்சருக்கு. எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதே மொழிப் பயிற்சி நிலையத்தில், இதே கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், என்னிடம் படித்தவள். வேற்றுமொழி எழுத்தை எழுதத் தெரியாமல் திணறியவளுக்குக் கையைப் பிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தது நான். இப்போது ஒப்பந்தத்தில் ஆசிரியை. அதற்கு மேல் இது.

டைரக்டர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த அலைச்சல்? ஓடியாடுற வேலை. சின்னவங்க பாக்கட்டும்." எனக்கு ஐம்பத்து நான்கு. அவர் பேசியதைக் கேட்டால் கட்டிலோடு தூக்கி வந்து உட்கார வைத்திருப்பதாகத் தோன்றும்.

கை தட்டினேன். எல்லோரையும்விட இரண்டு தட்டு அதிகமாகவே தட்டினேன்.

இது முதல் தடவையா? நான் எழுதிய பயிற்சிப் புத்தகம் முந்தைய டைரக்டர் பெயரில் வந்தது. முன்னுரையில் 'உதவியவர்கள்' என்று ஒரு வரிசை, அதில் ஏழாவது ஆள் நான், அங்கேயும் தலைப்பெழுத்து தப்பு. நிலையத்தின் பத்தாம் ஆண்டு விழாப் புகைப்படம் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை மடித்தார்கள். மடிந்த ஓரத்தில் நான். வரவேற்பறையில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. என் முழங்கை மட்டும் தெரியும்.

முதுகுக்குப் பின்னால் என்னை 'அகராதி' என்கிறார்கள். சொல் தெரிந்தவன் என்று பாராட்டுகிறார்கள் போலும் என்று ஒரு வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அகராதி பிடித்தவன் என்பதன் சுருக்கம் அது என்று காவலாளிதான் சொன்னான். சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சார், பாசமாத்தான் சொல்றாங்க" என்றான்.

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் சொல்லிவிட்டார்: படுக்கையறைக்குள் போன் கூடாது. தூக்கம் வராததற்கு அதுதான் காரணமாம். ராத்திரி பூரா சக ஆசிரியர்கள் அவளுக்கு அனுப்பும் வாழ்த்துகளைப் படித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வரும்? அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

போனை இப்போது மனைவி சமையலறை டப்பா ஒன்றில் வைத்துவிடுகிறாள். மூடியும் போடுகிறாள்.

மார்ச் 9, திங்கள்

இரண்டு மணி நேரத் தூக்கம். வகுப்பில் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை எழுதிப்போட்டேன். மாணவர்கள் இரண்டு தடவையும் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

கேட்டல் தேர்வுக்கு ஒலிப்பதிவைத் தேர்வு வாரியம் ஒரு சிறிய மெமரி அட்டையில் அனுப்புகிறது. தேர்வுக் கூடத்துக்குள் போனோ கணினியோ போகக் கூடாது என்பது விதி. அதனால் நிலையத்தில் ஒரு பிளேயர் உண்டு. பாட்டுக் கேட்கும் சாதாரண பிளேயர், உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் அட்டையைச் செருகி, கூடத்து ஒலிபெருக்கியோடு ஒயரால் இணைத்து விடுவார்கள். முன்பெல்லாம் நான்தான் விடுவேன். இப்போது அது அவளுடைய மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

மாலையில் அவளிடமே போய்க் கேட்டேன். கேட்கும்போதே குரலில் எள்ளல் ஏறிவிட்டது. "பொறுப்பாளர் அனுமதிச்சா, அந்தப் பாட்டுப் பெட்டியை ரெண்டு நாளைக்கு எடுத்துட்டுப் போகலாமா? தூக்கம் வரமாட்டேங்குது. போனும் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

அவளுக்கு எள்ளல் காதில் விழவில்லையா, விழாதது போல் இருந்தாளா?

"அய்யோ, இதுக்குப் போய் அனுமதியா சார்? எடுத்துட்டுப் போங்க. திங்கள்கிழமை காலையில மட்டும் குடுத்துடுங்க, பத்து மணிக்குத் தேர்வு. இந்தாங்க, இதுல அலாரமும் இருக்கு, இதோட விளக்கப் புத்தகத்துல போட்டிருக்கு பாருங்க."

தேர்வுக் கருவி வெளியே போகக் கூடாது என்பது விதி. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்மீது இரக்கப்பட்டு விதியை மீறுகிறாள். இரக்கம்! அதையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

எத்தனை வருடமாக இதைக் கையில் பிடித்திருக்கிறேன், ஒரு நாளும் இதன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. காலை முழுவதும் விளக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். புத்தகத்தில் மூன்று எழுத்துப் பிழை. திருத்தினேன்.

கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. சரி செய்தேன். ஒருவரும் ஏழு நிமிடத்தைக் கவனிக்கவில்லை! அலாரத்துக்கு மணி, பறவை, குழல் என்று மூன்று ஓசை. குழலைத் தேர்ந்தேன். ஐந்து இருபதுக்கு வைத்தேன், தினமும் என்று. நடக்கப் போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒலி முழுசாக. அணைந்து கிடந்தாலும் அந்த நேரத்துக்குத் தானே விழித்துக்கொண்டு ஊதுமாம்.

இன்னொன்றும் இருக்கிறது, 'தூக்க நேரம்' என்று. பதினைந்து, முப்பது, அறுபது நிமிடம். பாட்டுப் போட்டுவிட்டுப் படுத்தால் அந்த நேரம் முடிந்ததும் தானே அணைந்துவிடும். முப்பது வைத்தேன். ஒரு முறை வைத்தால் போதும், நாமாக நீக்கும்வரை நிற்கும். எப்போது போட்டாலும் அங்கிருந்து முப்பது எண்ணும் என்கிறது புத்தகம். மனிதர்களைவிட மேல். ஒரு முறை சொன்னால் கேட்டுக்கொள்கிறது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பேரன் எடுக்கிற வயசுல பொம்மையா?"

"எனக்குப் பேரனும் இல்லை, பொம்மையும் இல்லை."

"அதான் நானும் சொல்றேன்" என்று போனாள். இவளிடம் வாய் கொடுத்து மீண்டவன் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

தூங்கினேன்! பாட்டு எப்போது நின்றது என்றே தெரியாது.

மார்ச் 16, திங்கள்

ஐந்து இருபதுக்குக் குழல் ஊதியது. நடந்தேன். ஒன்பது மணிக்கு அவள் கையில் பிளேயரைக் கொடுத்தேன். கூடத்தில் நாற்காலிக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள், வாயில் ஒட்டுத்தாள். "தூங்கினீங்களா சார்?" என்று அதன் இடுக்கிலேயே கேட்டாள். "ம்" என்றேன். கொடுத்தேன், வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது நினைப்பே இல்லை. இது சத்தியம்.

பத்தரைக்குக் கொஞ்சம் தாண்டியிருக்கும், ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம். பிறகு குரல்கள். டைரக்டர் படியில் இரண்டிரண்டாக ஏறினார்.

நடந்தது இது. ஒலிப்பதிவு நாற்பத்திரண்டு நிமிடம். நடுவில், ஒரு கேள்வி பாதியில் இருக்கும்போது, பிளேயர் அணைந்துவிட்டது. அவள் பதறிப் பொத்தானை அமுக்கினாள். உயிர் வந்து பதிவு முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. பதிவு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்க வேண்டும் என்பது விதி. இருபத்தாறு பேர் எழுதிய தேர்வு செல்லாது. வெளிநாட்டில் வேலைக்குச் சேரக் காத்திருப்பவர்கள் எல்லாம். ஒரு பெண் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"சார்ஜ் போடலையா நீ?" டைரக்டர் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டார்.

"முழுசாப் போட்டேன் சார். காலையில பாத்தேன், மூணு கோடும் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் நின்னுச்சு? சாமியா வந்து நிறுத்துச்சு?"

அவள் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இதை எழுதக் கூசுகிறது. எழுதத்தானே இந்த நோட்டு? மகிழ்ந்தேன். ஆறிப்போன டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

விசாரணை நான் செய்ய வேண்டுமாம். "நீங்க எழுதினா அதுக்கு மேல அப்பீலே கிடையாது சார். உங்க எழுத்து அப்படி. வாரியத்துக்கு அப்படியே அனுப்பிடலாம்" என்றார் டைரக்டர். இருபத்து மூன்று வருடத்தில் என் எழுத்தைப் பற்றி இங்கே ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பிளேயரை நேற்றே எஃகு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். சாவியை என்னிடம் கொடுத்தார். ஒரே சாவிதான் இருக்கிறது.

அவளுடைய எழுத்து வாக்குமூலத்தை மதியம் படித்தேன். சுருக்கமாக, சுத்தமாக எழுதியிருக்கிறாள். நான் கற்றுக்கொடுத்த மாதிரி.

'பதிவு ஆரம்பித்த நேரம் 10.04. நின்ற நேரம் 10.34.'

படித்துக்கொண்டே போனவன் அந்த வரிக்குத் திரும்பி வந்தேன். நாலு. முப்பத்து நாலு.

காது சூடாகிவிட்டது. கோப்பை மூடிவிட்டேன். அறையில் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பார்த்துவிட்டது மாதிரி இருந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். 'டைரக்டர், பிளேயர் என்கிட்ட இருந்தது, தூக்க நேரத்தை நான் நீக்கவில்லை.' ஒரு வாக்கியம்தான்! வகுப்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் வாக்கியம் பேசுகிறேன். எழுந்தேன், கதவு வரைக்கும் போனேன். டைரக்டர் அறையில் யாரோ இருந்தார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

காலையில் வாசலிலேயே காவலாளி பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது.

"சார், உங்களுக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை உண்டா?"

"இல்லை."

"எனக்கும் நேத்து வரைக்கும் இல்ல சார். இப்ப இருக்கு. அந்த இரும்பு அலமாரி பாடுது."

"என்ன?"

"புல்லாங்குழல் ஊதுது சார். நேத்து விடியக்காலம் ஊதிச்சு. சரி, கனவுன்னு விட்டுட்டேன். இன்னிக்கும் ஊதுது. காதை வெச்சுப் பாத்தேன், உள்ள இருந்துதான் வருது. அரை மணி நேரம் ஊதிட்டு டக்குனு நிக்குது. டைரக்டர் சார்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. எனக்கா தெரியாது!

"அஞ்சு இருவது சார். கரெக்டா."

வாய் தானாக ஓடியது. "பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும். இரும்புல எதிரொலிக்கும். டைரக்டர்கிட்டப் போய் அலமாரி பாடுதுன்னு சொன்னா, ராத்திரி டியூட்டில குடிச்சிருந்தியான்னு கேப்பார். தேவையா உனக்கு?"

அவன் யோசித்தான். பத்து வருடமாக ஒரு சொட்டுக் குடிக்காதவன். குடித்த காலத்தில் வேலை போய், நான்தான் பரிந்து பேசித் திரும்பச் சேர்த்தேன். அதைத் தெரிந்துதான் சொன்னேன்.

"வேணாம் சார்" என்றான். "உங்களுக்குத் தெரியாததா."

மார்ச் 19, வியாழன்

இன்றும் ஊதியதாம். என்னிடம் மட்டும் குசுகுசுவென்று சொன்னான், இருவரும் சேர்ந்து ஏதோ திருடியவர்கள் போல.

வகுப்புக்கு நடுவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் அரை மணி நேரம், முழு ஒலியில். பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஏன் கணக்குப் போட்டேன்? சும்மாதான். சும்மா யாராவது இந்தக் கணக்கைப் போடுவார்களா?

மார்ச் 20, வெள்ளி

விசாரணை. டைரக்டர் அறை, நீள மேஜை. இந்தப் பக்கம் நான், என் அருகில் டைரக்டர், எதிரே அவள். குளிர்சாதனம் என் பிடரியில் ஊதிக்கொண்டிருந்தது, ஆனாலும் வேர்த்தது.

கேள்விகளை முந்தின நாளே வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஆறாவது கேள்வி எல்லா விசாரணையிலும் கேட்பது. விட்டுவிட முடியாது. விட்டிருந்தால் டைரக்டரே கேட்டிருப்பார். கேட்டேன்.

"தேர்வுக்கு முன்னால் கருவி இந்தக் கட்டிடத்தைவிட்டு வெளியே போனதா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் நான் கேள்வி கேட்டுவிட்டு நானே பதிலையும் சொல்லிவிடுவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்தப் பார்வை. நான் பேனாவின் மூடியைப் போட்டேன், கழற்றினேன்.

"இல்ல சார்" என்றாள். "வெளிய போகல."

'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். என் கையால். அழகான எழுத்தில்.

முடிந்ததும் டைரக்டர், "அலமாரியை இன்னிக்கே தொறந்து பாத்துடலாமா சார்? சார்ஜ் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுபோயிடும்" என்றார். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா சார், பாத்துடுங்க, ப்ளீஸ்."

பையில் சாவி கனத்தது. திறந்திருந்தால் சார்ஜ் இருந்திருக்கும். அவள் சொன்னது உண்மை என்று அங்கேயே தெரிந்திருக்கும். அடுத்து எல்லோரும் ஏன் நின்றது என்று தேடியிருப்பார்கள்.

சொன்னேன்: "டெக்னீஷியன் முன்னிலையில் திறப்பதுதான் முறை. அவர் திங்கள்கிழமைதான் வருகிறார்."

"அதுவும் சரிதான்" என்றார் டைரக்டர். "முறைன்னா முறை."

இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். சுவர்க் கடிகாரம் ஐந்து இருபதைத் தொட்டபோது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பூட்டிய அலமாரிக்குள் அது எழுந்து ஊத ஆரம்பிக்கும் என்று தெரிந்தது. ஐந்து ஐம்பதுவரை படுக்கையில் கிடந்து கேட்டேன். கேட்க முடியாததைக் கேட்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், காது வலிக்கும்.

மார்ச் 23, திங்கள்

திறந்தோம். டெக்னீஷியன் பொத்தானை அமுக்கினார். அமுக்கிப் பிடித்தார். திரை கறுப்பு.

"சுத்தமா உயிர் இல்ல சார். துளி சார்ஜ் கெடையாது."

டைரக்டர் அவளைப் பார்த்து, "மூணு கோடு இருந்துச்சுன்னியே?" என்றார்.

அவள் கறுப்புத் திரையையே பார்த்தாள். நம்ப முடியாத முகம். பிறகு நான் கண்டேன், தாங்க முடியவில்லை, அவள் தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்தாள். "போட்டேன் சார்... போட்டதா ஞாபகம்..." என்றாள். வெள்ளிக்கிழமை வரை 'போட்டேன்' என்றவள்.

காவலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தான். இன்று காலை அலமாரி ஊதவில்லை என்று சொல்லத்தான் வந்தானாம். "போயிடுச்சு சார். நல்லபடியாப் போயிடுச்சு" என்றான் நிம்மதியாக.

மார்ச் 24, செவ்வாய்

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு பக்கம். 'கவனக்குறைவு' என்ற சொல்லை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன், அதனால் அது அதிகம் வெட்டியது. டைரக்டர் படித்துவிட்டு, "ஒரு கமா எடுக்க முடியாது சார்" என்றார்.

அறிக்கை வாரியத்துக்குப் போகிறது. ஏப்ரல் ஏழாம் தேதி கூடுகிறார்கள். மூன்று வருடம் எந்தத் தேர்வுப் பணியும் கூடாது என்று தடை போடுவார்களாம். தடை உள்ளவருக்கு இங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது. ஒப்பந்தம் முடியும் ஏப்ரல் பத்தோடு அவளுக்கு வேலை இல்லை. அவளுடைய சம்பளத்தில்தான் அவள் அம்மாவுக்கும் தம்பிக்கும் வீடு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும்.

தேர்வுப் பொறுப்பைத் திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

அவள் இழுப்பறையைக் காலி செய்து பதிவேடுகளை என்னிடம் ஒப்படைத்தாள். ஒவ்வொன்றாக விளக்கினாள், எது எங்கே, எந்தத் தாளுக்கு எத்தனை பிரதி. நான் பதினாறு வருடம் செய்த வேலையை எனக்கே விளக்கினாள். குறுக்கே பேசவில்லை. பேச எனக்கு என்ன யோக்கியதை?

கடைசியில் படியிறங்கும்போது நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?"

"கேளும்மா."

"இப்ப தூக்கம் வருதா?"

குத்திக்காட்டினாளா? முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நிஜமாகவே கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் மோசம்.

"வருது" என்றேன்.

"நல்லது சார்." இரண்டு படி இறங்கினாள். திரும்பாமலே சொன்னாள். "அன்னிக்கு அந்தக் கேள்வி கேட்டீங்கள்ல... நான் குடுத்தேன்னு சொன்னா உங்களுக்குச் சங்கடம். நீங்களே சொல்லிடுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். நீங்க எழுத ஆரம்பிச்சுட்டீங்க."

பதிவேடுகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். சொல் தெரிந்தவன்!

அவள் போன பிறகும் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். கீழே இருந்து காவலாளி, "கால் வலியா சார்?" என்றான்.

மார்ச் 27, வெள்ளி

மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தப் பொண்ணுக்கு வேலை போகப்போகுதாமே? பரிட்சை நடுவுல மிஷின் நின்னுபோச்சுன்னு. நீங்க கொண்டு வந்து வெச்சு விளையாடினீங்களே, அதுவா?"

"அதுதான்."

"நீங்க ஒண்ணும் பண்ணலையே?"

"நான் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல."

குழாயை மூடினாள். என் பக்கம் திரும்பி முந்தானையில் கையைத் துடைத்தாள், ரொம்ப நேரம். "இருபது வருஷமா அவன் உங்க பேரைப் போடல, இவன் உங்களைப் படத்துல மடிச்சான்னு கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. பாவம் இந்த மனுஷனுக்கு எல்லாரும் அநியாயம் பண்றாங்கன்னு நானும் கூடவே அழுதிருக்கேன். அந்தப் பொண்ணு அவ வீட்ல என்ன சொல்லி அழுதிட்டிருக்கோ."

படுக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

மார்ச் 28, சனி

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் தேதி என்ன வீராப்பு! எனக்குச் செய்த துரோகத்தை எல்லாம் எழுதப்போகிறேன் என்று ஆரம்பித்தவன். எனக்கு யாரும் செய்யாததை இரண்டு வாரத்தில் நான் செய்து முடித்திருக்கிறேன். என் புத்தகத்தில் பெயரை மாற்றியவன் வேலையை எடுக்கவில்லை. படத்தை மடித்தவன் என் வாயாலேயே என்னைச் சந்தேகிக்க வைக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் சின்ன வார்த்தை. சட்டைக்குள் பூச்சி புகுந்த மாதிரி, உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

விளக்கப் புத்தகம் மேஜையடியில் கிடந்தது. பிளேயரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன். முப்பத்தோராம் பக்கம்: பேட்டரி முழுவதும் தீர்ந்தால் கடிகாரம் மட்டும் அழிந்துபோகும், அலாரமும் தூக்க நேரமும் வைத்தபடியே நினைவில் இருக்கும். ஆக, எல்லாம் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. யாரும் அதற்கு மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றாதபடி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேனே.

மார்ச் 29, ஞாயிறு

வாரியத்துக்குக் கடிதம். முதல் பிரதியில் என் எழுத்தைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். படிக்காதவன் எழுதியதுபோல் பிழைகள் வேறு போட்டேன். ஐந்தாவது வரியில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஒருவன் என் மேஜையில் உட்கார்ந்திருந்தான். கிழித்துப் போட்டேன்.

மார்ச் 30, திங்கள்

டைரக்டர் அறைக்குப் போனேன். நேரில் சொல்லிவிடலாம் என்று. உட்காரச் சொன்னார். "அடுத்த கூட்டத்துல உங்களுக்கு ஒரு சால்வை போடலாம்னு இருக்கோம் சார். எத்தனை வருஷ சேவை!" என்றார். நான் சிரித்தேன். "எதுக்குங்க இதெல்லாம்" என்றேன். வந்துவிட்டேன்.

என்ன ஜென்மம் நான்!

மார்ச் 31, செவ்வாய்

கடிதம் முடிந்தது. ஒரு பக்கம்தான். அலங்காரம் எதுவும் இல்லை. இதிலும் பாதியைப் பிரதி எடுத்து வைக்கிறேன், பிறகு நான் எழுதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருக்க:

'பிளேயரைத் தேர்வுக்கு முந்தைய சனி, ஞாயிறு வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் இந்நிலைய ஆசிரியர் ஒருவர். இழுப்பறையிலிருந்து அவர் எடுத்தது பொறுப்பாளருக்குத் தெரியாது. அதில் முப்பது நிமிடத் தூக்க நேரம் வைத்தவரும், நீக்காமல் விட்டவரும் அவரே. 10.04க்கு ஆரம்பித்த பதிவு 10.34க்கு நின்றது அதனால்தான். அலமாரிக்குள் பேட்டரி தீர்ந்தது, அவர் ஐந்து இருபதுக்கு வைத்த அலாரம் தினமும் அரை மணி நேரம் ஒலித்ததனால். கருவிக்கு சார்ஜ் போட்டு இரண்டு அமைப்புகளையும் பாருங்கள். விசாரணை அறிக்கை உண்மையை மறைத்து எழுதப்பட்டது. பொறுப்பாளர் தம் வேலையைச் சரியாகவே செய்தார்.'

'தெரியாது' என்றது பொய். விசாரணையில் சின்ன டீச்சர் எனக்காக ஒரு பொய் சொன்னாரே, அதற்கு முன்னால் இது சின்னப் பொய்.

அடியில் பெயர் எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் கிழிந்தது. காரணம் நிறைய இருக்கிறது: ஓய்வுக்கு ஆறு வருடம், மனைவியின் மருந்து, இந்த வயதில் எங்கே போவது. எல்லாம் காரணம்தான். மூல காரணம் பயம். நாளைக்கு வகுப்பில் நுழையும்போது முப்பது முகம் நிமிர்ந்து பார்க்கும், அந்தப் பயம்.

வாரியம் நம்புவதற்கு என் பெயர் தேவையில்லை, பிளேயரை மின்சாரத்தில் செருகினால் போதும். பெயர் தேவைப்படுவது சின்ன டீச்சருக்குத்தான். தெரிகிறது. தெரிந்தும் கை வரவில்லை.

ஆனால் வலது கையால்தான் எழுதியிருக்கிறேன், என் எழுத்திலேயே, ஒரு பிழை இல்லாமல். விசாரணைக்காக இந்தத் தாளை இங்கே திருப்பி அனுப்புவார்கள். டைரக்டர் பார்ப்பார். சின்ன டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவனின் எழுத்தை அவர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். பிறகு என்னைக் கேட்பார்கள். கேட்டால் ஆமாம் என்று சொல்வேனா? இப்போது சொல்வேன் என்றுதான் தோன்றுகிறது. நேற்றும் அப்படித்தான் தோன்றியது.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போடுகிறேன். பெயர் இல்லாமலே போகட்டும்.